தரை தெரியும் கடல்

கடலில் மின் நிலையம் கட்டியவர்கள் கரைக்கு ஒரு காதும் வைத்தார்கள். அதற்குச் செவி என்று பெயர். அரசாங்கம் ஒரு பொருளுக்கு வாயில் நுழைகிற பெயரை வைப்பது எப்போதாவதுதான் நடக்கும். அந்த அதிர்ஷ்டம் நரியங்குடாவுக்கு அடித்தது.

நரியங்குடா இராமநாதபுரம் கரையில் இருக்கிறது. குறுக்கே ஒரு தீவு படுத்திருப்பதால் குடாவுக்கு இரண்டு வாய்கள். தெற்கே இருப்பது தென்வாய், வடக்கே இருப்பது வடவாய். ஏற்றத்தின்போது கடல் இரண்டு வாய் வழியாகவும் உள்ளே வரும், வற்றத்தின்போது வெளியே போகும். இந்தப் பக்கத்துக் கடல் எவ்வளவு ஏறினாலும் இடுப்பைத் தாண்டாது என்பதால், இதிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று நெடுங்காலம் யாரும் நினைக்கவில்லை. பிறகு மெல்லிய ஓட்டத்திலும் சுழலும் தகடுகள் வந்தன. தென்வாயில் கதவு வைத்து, நீரைப் பிடித்து நிறுத்தி, நகரங்களில் விளக்கு போடும் நேரம் பார்த்துத் திறந்துவிட்டார்கள். அந்த மின்சாரத்தில் கடல்நீரைக் குடிநீராக்கி, உள்ளே கருவேலங்காட்டுக்கு நடுவில் காய்ந்து கிடந்த ஊர்களுக்குக் குழாயில் அனுப்பினார்கள். அந்த ஊர்ப் பெண்களைக் கேட்டால் மின் நிலையம் இருக்கும் திசையைப் பார்த்துக் கும்பிடுவார்கள். அதில் நியாயம் இருக்கிறது.

கடற்கரைக்காரர்களுக்கும் நியாயம் வேண்டும் அல்லவா? அதற்காக ஒரு சட்டம் வந்தது. குடாவின் மக்கள் மனம் கோணாமல்தான் கதவுகளை இயக்க வேண்டும். தினமும் காலையில் செவி ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போடும். "வணக்கம். இன்னைக்குக் கடல் எப்படி இருக்கு?" என்று கேட்கும். அவர்கள் தங்கள் பேச்சில் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம். செவிக்குக் கடலைப் பற்றி ஒன்றும் தெரியாது. பேசியவர் மகிழ்ச்சியாக இருக்கிறாரா, வருத்தமாக இருக்கிறாரா என்று சொற்களை வைத்து எடைபோடத் தெரியும், அவ்வளவுதான். கதவைக் கொஞ்சம் இறுக்கிப் பார்க்கும், கொஞ்சம் தளர்த்திப் பார்க்கும். எதற்கு மக்கள் மகிழ்கிறார்களோ அதை மேலும் செய்யும். குரலில் இருக்கும் தொனியையும் சேர்க்கலாம் என்று ஒரு யோசனை இருந்தது. அழத் தெரிந்தவனுக்குத்தான் அதில் ஆதாயம் என்று தொடக்கத்திலேயே தள்ளிவிட்டார்கள். ஆகவே சொல் மட்டும்தான் கணக்கு.

தையல்நாயகி செவியின் அகராதியைப் பராமரிக்கும் பொறியாளர். சொந்த ஊர் சீர்காழிப் பக்கம், வேலை சென்னையில். வடவாயையும் அடைத்து அங்கேயும் தகடுகள் போடுவதற்கு மக்கள் ஒப்புதல் கேட்கும் வாரம் வந்ததால் அவளை நரியங்குடாவுக்கு அனுப்பினார்கள். போய் உட்கார்ந்துவிட்டு வந்தால் போதும் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அந்த ஒப்புதலையும் செவிதான் எடுக்கும், மக்கள் சொல்லில் மகிழ்ச்சி மிஞ்சினால் அதுவே சம்மதம். செவி வைத்த கரைகளிலேயே நரியங்குடாவில்தான் மகிழ்ச்சி மதிப்பெண் அதிகம். ஆண்டுக்கு ஆண்டு ஏறிக்கொண்டே வந்திருந்தது. அதைக் காட்டி மாநாடுகளில் அவளே கைதட்டு வாங்கியிருக்கிறாள்.

வந்து இறங்கிய காலையில் கரைக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு முழங்கால் வரை இறங்கி நின்றாள். கால்விரல்கள் தெரிந்தன. விரலுக்குப் பக்கத்தில் கிடந்த சிப்பியின் வரிகள் தெரிந்தன. இப்படியொரு தண்ணீரை அவள் விளம்பரங்களில்தான் பார்த்திருக்கிறாள். பக்கத்தில் ஒருவர் வல்லம் என்கிற நாட்டுப் படகின் விளிம்பில் உட்கார்ந்து வலையிலிருந்து எதையோ பிய்த்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

"தண்ணி எவ்ளோ அழகா இருக்கு!" என்றாள் தையல்நாயகி.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பெயர் இன்னாசி. நாற்பதைத் தாண்டியவர், கேலி கண்ணிலேயே குடியிருக்கும்.

"எந்த ஊரு மேடம் நீங்க?"

"சீர்காழி பக்கம்."

"அதான பாத்தேன். எழவு வீட்டுக்கு வந்துட்டுப் பந்தல் நல்லாருக்குன்னு சொல்றீகளே."

அவர் கையில் இருந்தது சொறி என்கிற ஜெல்லி மீன். கொழகொழவென்று கண்ணாடித் துண்டு போன்ற அந்தப் பிராணி வலையெங்கும் ஒட்டியிருந்தது. தின்கிற மீன் ஒன்றுகூட இல்லை. தையல்நாயகிக்கு முகம் சுருங்கிவிட்டது.

"ஏண்ணே, என்ன ஆச்சு?"

"தரை தெரியுதுல்ல? மேல நிக்கிற உங்களுக்கே தெரியுதுன்னா, உள்ள இருக்கிற மீனுக்கு என் வலை தெரியாதா? ஒதுங்கிப் போயிருது. அதுகூடப் பரவாயில்ல. ஓட்டம் இருந்தாத்தான் சேறு எந்திரிச்சு வரும். சேத்தோடதான் எரை வரும், எரையத் தேடித்தான் இறாலும் நண்டும் உள்ள வரும். இப்ப ஓட்டம் படுத்துக்கிச்சு. சேறெல்லாம் அடியில படிஞ்சு, அது மேல பாசி புடிச்சு வழுக்குது. பாசிக்குப் பின்னாடி இந்தச் சனியன் வந்துருச்சு." சொறியைத் தூக்கி எறிந்தார்.

"இதையெல்லாம் செவிகிட்ட சொல்லலையா?"

"என்ன இப்படிக் கேட்டுப்புட்டீக? நாலு வருசமா அதத்தான சொல்றோம். கடல் தெளிஞ்சு கெடக்கு, தெளிஞ்சு கெடக்குன்னு ஊரே கத்துது. செவின்னு பேரு வச்சாக, எங்களுக்கு அது செவிடு."

நரியங்குடாவின் மகிழ்ச்சிச் சொற்களை அவள் திரையில் எத்தனையோ முறை பார்த்திருக்கிறாள். எல்லாவற்றுக்கும் மேலே, எல்லாவற்றையும்விடப் பெரிதாக நின்ற சொல் 'தெளிவு'தான்.

"அப்ப கலங்கி இருந்தா?"

"கலங்குச்சுன்னா கொண்டாட்டந்தான். மொத வருசம் ஒரு மழைக்கு நல்லாக் கலங்கி வந்துச்சு. சந்தோசத்துல ஊரே சொல்லுச்சு, கடல் கலங்குது, கலங்குதுன்னு. மறுநாளே கதவ இறுக்கிப்புட்டாக. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் புரியல."

அவளுக்குப் புரிந்துவிட்டது. அகராதியை எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்ல, சோம்பேறிகளும் அல்ல. அச்சில் கிடைத்த தமிழ் முழுவதையும் வாரிப் போட்டு அதிலிருந்து சொற்களுக்கு எடை கண்டார்கள். அச்சுத் தமிழில் சிந்தனை தெளியும், மனம் கலங்கும், அறிவு தெளியும், கண் கலங்கும். தெளிவு நல்லது, கலக்கம் கெட்டது. யாரும் சந்தேகப்படவில்லை. அவளாவது சந்தேகப்பட்டிருக்கலாம். ஆடியில் வாய்க்காலில் செம்மண்ணாகக் கலங்கி வரும் முதல் தண்ணீரை அவள் அப்பா இரண்டு கையாலும் அள்ளிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். அந்தத் தண்ணீரை அழுக்கு என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்.

"அண்ணே," என்றாள் மெதுவாக. "நீங்க தெளிஞ்சு கெடக்குன்னு சொல்லும்போதெல்லாம், செவி அச்சுத் தமிழ்ல செஞ்ச அகராதிய வச்சு, நீங்க சந்தோசமா இருக்கீங்கன்னு எடுத்துக்கிட்டு இருக்கு. கலங்குதுன்னா வருத்தப்படுறீங்கன்னு நெனச்சிருக்கு. நீங்க சொல்லச் சொல்ல, உங்கள சந்தோசப்படுத்தறதா நெனச்சு இன்னும் மூடியிருக்கு."

இன்னாசி கையிலிருந்த வலையைக் கீழே போட்டார். பிறகு சிரித்தார். சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது.

அவர் மனைவி கித்தேரி இடுப்பில் பிள்ளையோடு வந்தாள். பிள்ளையின் பெயர் அமலி. பேச்சு வரத் தொடங்கியிருந்த வயது. யார் எதைச் சொன்னாலும் கடைசிச் சொல்லைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொல்லும். விஷயத்தைக் கேட்டதும் கித்தேரிக்குக் கோபம் பொங்கிவிட்டது.

"அப்ப நாங்க ஒப்பாரி வச்சத அது பாட்டுன்னு கேட்டுச்சாக்கும்!"

"கேட்டுச்சாக்கும்," என்றது அமலி.

"ஏங்க்கா, மீன் இல்லன்னு நேரா சொல்லியிருந்தா அதுக்குப் புரிஞ்சிருக்குமே?" என்றாள் தையல்நாயகி.

கித்தேரியும் இன்னாசியும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கித்தேரிக்கு வெட்கமாக இருந்தது.

"மீன் பட்டுச்சான்னு கேட்டா எங்க ஆளுக வாயில ஒரே பதிலுதான் தங்கச்சி, வீட்டுக் கொழம்புக்குக் காணும்ங்கிற மாதிரி. கறிக்கு ஆகும். வல்லம் முங்குற அளவுக்குப் பட்டாலும் கறிக்கு ஆகும். ஒண்ணுமே படாட்டியும் கறிக்கு ஆகும். நெறையப் பட்டுச்சுன்னு சொன்னா கண்ணு பட்டுரும்ல?"

ஆக, நல்ல காலத்திலும் 'கறிக்கு ஆகும்', கெட்ட காலத்திலும் 'கறிக்கு ஆகும்'. இந்த விடையால் ஒரு பயனும் இல்லை என்று செவி முதல் மாதத்திலேயே கற்றுக்கொண்டு அதைக் காதில் போட்டுக்கொள்வதையே நிறுத்திவிட்டது. தப்பு ஒரு பக்கம் மட்டும் இல்லை என்பதில் தையல்நாயகிக்குக் கொஞ்சம் ஆறுதல் இருந்தது. அந்த ஆறுதலை நினைத்துக் கூச்சமாகவும் இருந்தது.

"வடவாயையும் அடைச்சுட்டா நாங்க திருப்பூரு போயிருவோம்," என்றாள் கித்தேரி. "என் தம்பி பனியன் கம்பெனியில இவருக்கு வாட்ச்மேன் வேலை சொல்லி வச்சிருக்கான். வல்லத்தக்கூட ஒருத்தர் வந்து பாத்துட்டுப் போயிட்டாரு. போகலாம். எனக்கு ஒண்ணுமில்ல. இந்த மனுசன் அங்க ஒரு மாசம் தாங்க மாட்டாரு."

இன்னாசி வலையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார். "அத மாத்த முடியாதா மேடம்? அந்தப் பொஸ்தகத்த?"

"மேல கேக்கணும்ணே. ஒப்புதல் வாரத்துல அகராதியில கைவைக்க விடமாட்டாங்க. இதுவரைக்கும் விட்டதே இல்ல."

அவள் சொன்னது அன்றுவரை உண்மைதான். அதனால்தான் பின்னால் நடந்ததெல்லாம் நடந்தது.

மேலே இருந்தவர் ஞானசெல்வம். தையல்நாயகி பயந்துகொண்டே அழைத்தாள். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தப்புன்னா திருத்தித்தானே ஆகணும்?" என்றார் கடைசியில்.

அவளால் நம்ப முடியவில்லை. "சார், வடவாய்த் திட்டம் அடிபட்டுடும்."

"அடிபடும். அந்தக் குழாய்க்காக எத்தனை ஊரு காத்துக்கிட்டு இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல? அங்க இன்னும் லாரித் தண்ணிதான். விடியறதுக்கு முன்னாடி குடத்த வரிசையில வச்சுட்டு, தெருவுலயே உக்காந்திருப்பாங்க. நான் அந்த மாதிரி ஒரு ஊர்லேருந்து வந்தவன், தையல். எனக்கு அந்தக் குழாய் வேணும். ஆனா ஒருத்தன் அழறத சிரிக்கிறான்னு எழுதி அத வாங்கக்கூடாது." கொஞ்சம் நிறுத்தினார். "ஒரு கண்டிஷன். ஒப்புதல் முடியற வரைக்கும் நீ ஊருக்குள்ள போகக்கூடாது. யார்கிட்டயும் பேசாத. போன்லயும் பேசாத. நாமளே சொல்லிக் கொடுத்துப் பேச வச்சோம்னு நாளைக்கு ஒருத்தன் கேஸ் போடுவான்."

தையல்நாயகி அன்றே திருத்தினாள். நரியங்குடாவில் கடலைப் பற்றிப் பேசும்போது தெளிவு வருத்தம், கலங்கல் மகிழ்ச்சி. சின்ன வேலைதான், அவள் குடித்துக்கொண்டிருந்த டீ ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. அன்று இரவு நிம்மதியாகத் தூங்கினாள்.

ஊரில் நடந்தது வேறு.

ஞாயிறு பூசை முடிந்ததும் மாதா கோயில் வளாகத்து வேம்படியில் கூட்டம் கூடியது. இன்னாசி விஷயத்தைச் சொன்னார். முதலில் கூச்சல், பிறகு சிரிப்பு, அப்புறம் நாலு வருடமாகத் தங்களையே ஏமாற்றிக்கொண்ட எரிச்சல். மேடத்தை மறுபடி பார்த்தீர்களா என்று கேட்டார்கள். ரெண்டு நாளாக ஆளையே காணவில்லை என்றார் இன்னாசி. மேலே கேட்டுப்பார்த்து முடியாமல் போயிருக்கும், முகத்தில் முழிக்க முடியாமல் இருக்கிறாள் என்று ஊர் முடிவு கட்டியது.

"வடவாயை அடைக்க வேணாம்னு சொல்லிப்புடுவோம்," என்றார் ஒருவர்.

அது நடக்காது என்று மற்றவர்கள் சொன்னார்கள். வேண்டும், வேண்டாம் என்றால் அது கோரிக்கை. கோரிக்கைக்கு வேறு அலுவலகம். அங்கே போன எதுவும் இதுவரை திரும்பி வந்ததில்லை. செவி கேட்பது ஒன்றே ஒன்றுதான், கடல் எப்படி இருக்கிறது.

"அப்பக் கடல் செத்துப்போச்சுன்னு சொல்லுவோம். அது அச்சுத் தமிழ்தான? அதுக்குப் புரியும்ல."

கித்தேரி எழுந்துவிட்டாள். "எவன் வாயில வருது அந்தப் பேச்சு? சோறு போட்டவள செத்துட்டான்னு சொல்லிட்டு, நாளைக்கு எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ மேல வலைய விடுவீக? நான் சொல்ல மாட்டேன். எம் புருசனையும் சொல்ல விடமாட்டேன்."

எல்லோர் மனதிலும் அதுதான் இருந்தது. இன்னாசிதான் வழி கண்டுபிடித்தார்.

"கெட்டதச் சொல்ல வேணாம். நல்லதச் சொல்லுவோம். கடல் நல்லாக் கலங்கி வருதுன்னு சொல்லுவோம். அதுக்கு அது அழுகைன்னு கேக்கும். நமக்கு என்ன, வாய் நெறையச் சொல்லலாம். சொல்லி எத்தன வருசமாச்சு!"

கூட்டத்துக்கு அது பிடித்துப்போயிற்று. பொய்தான், ஆனால் வேண்டுதல் மாதிரி ஒரு பொய். பங்குச் சாமியார்கூடத் தலையைத் திருப்பிக்கொண்டு கேட்காததுபோல் இருந்துவிட்டார்.

ஒப்புதல் நாள் வந்தது. ஒருவர் ஒருமுறைதான் பேசலாம். மாலை அடைக்கும் நேரத்தில் எல்லாவற்றையும் கூட்டி மதிப்பெண் வரும். தையல்நாயகி தென்வாயில் கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே பெரிய கண்ணாடிச் சன்னல், அதற்கு வெளியே குடா. நாலு வருடமாகக் கேட்காத காது இன்றைக்குத்தான் திறக்கப் போகிறது என்று அவளுக்குப் படபடப்பாக இருந்தது.

முதல் குரல் வந்தது. "கடல் நல்லாக் கலங்கி வருது." இரண்டாவது குரல். "சும்மா சொல்லக்கூடாது, சேறா எந்திரிச்சு வருது, கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கு." மூன்றாவது ஒரு கிழவரின் குரல், பாட்டே பாடிவிட்டது. மதிப்பெண் ஏறத் தொடங்கியது.

அடுத்தது இன்னாசி.

"மாதாவே, என்னமாக் கலங்குது! டீத்தண்ணி மாதிரி வருதுய்யா. கைய விட்டா கை தெரியல. இப்படிக் கலங்கி எத்தன நாளாச்சு..." அதற்கு மேல் பேச முடியாமல் வைத்துவிட்டார். அவர் பொய் சொன்னாரா, ஆசையைச் சொன்னாரா என்று அவருக்கே தெரிந்திருக்காது.

தையல்நாயகிக்குக் கண் நிறைந்தது. கடல் திரும்பிவிட்டதா என்று ஒரு கணம் நம்பிச் சன்னலுக்கு ஓடினாள். வெளியே தண்ணீர் கண்ணாடியாகக் கிடந்தது. கதவுத் தூணின் அடிக்கல் வரை தெரிந்தது.

செவி தலைகீழாகக் கேட்கிறது என்று இன்னாசியிடம் சொன்னது அவள். அதை நேராக்கிவிட்டேன் என்று சொல்லாமல் இருந்ததும் அவள். அவள் காதைத் திருப்பி வைத்தாள், அவர்கள் வாயைத் திருப்பி வைத்துக்கொண்டார்கள். திரையில் மகிழ்ச்சி ஏறிக்கொண்டே போனது. இப்படியே போனால் மாலையில் வடவாய்க்கு ஊரே கைதட்டி ஒப்புதல் கொடுத்ததாக ஆகிவிடும்.

போன் செய்யக்கூடாது. செய்தாலும் பயனில்லை, அவள் சொல்லி முடிப்பதற்குள் பாதி ஊர் பேசி முடித்துவிடும். அகராதி மட்டும் மாலை வரை அவள் கையில் இருந்தது. கூட்டும்போது எந்த அகராதி இருக்கிறதோ அதுதான் செல்லும்.

அவள் நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். செவிக்கு இந்த ஊரின் தமிழ் இன்றைக்குத்தான் சரியாகப் புரிகிறது. சரியானதை எடுத்துவிட்டுப் பழைய தப்பைத் தன் கையாலேயே திரும்ப வைக்க வேண்டும். ஞானசெல்வத்தின் ஊரையும் நினைத்தாள். விடியும் முன் வரிசையில் நிற்கும் குடங்களை நினைத்தாள். இருந்தாலும் இன்னாசி சொல்ல வந்தது என்ன என்பதில் அவளுக்குச் சந்தேகம் இல்லை. அவளுடைய வேலை அதைக் கேட்பது மட்டும்தான்.

பழைய எடைகளைத் திரும்பப் போட்டாள். மாற்றத்துக்குக் காரணம் என்ன என்று செவி கேட்டது. தட்டினாள். 'இந்த ஊரில் இன்றைக்கு இந்தச் சொல்லுக்கு இதுதான் பொருள்.'

மாலையில் மதிப்பெண் தரையில் கிடந்தது. வடவாய்த் திட்டம் நின்றது. மக்களின் வருத்தத்தைப் பார்த்த செவி, தென்வாய்க் கதவுகளையும் பழைய நாள் அளவுக்குத் தளர்த்திவிட்டது.

ஞானசெல்வம் அழைத்தபோது திட்டவில்லை. அதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது.

"ஒரே வாரத்துல ரெண்டு தடவை மாத்தியிருக்க. ஏன்னு எனக்குப் புரியுது, எழுத்துல கேட்டா என்னால விளக்க முடியாது. உன்ன வேற பிரிவுக்கு மாத்திட்டாங்க. அதவிட ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இனிமே நரியங்குடா அகராதிய யாருமே தொடக்கூடாதுன்னு பூட்டிட்டாங்க. தப்போட சேத்துப் பூட்டிட்டாங்க, தையல்."

ஊரைவிட்டுப் போகும் முன் அவள் இன்னாசி வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் சொன்னாள். இன்னாசி விழுந்து விழுந்து சிரித்தார். கித்தேரி சிரிக்கவில்லை, அவள்தான் முதலில் புரிந்துகொண்டாள்.

"அப்ப இனிமே? நல்லா இருக்கும்போது என்ன சொல்றது?"

"நல்லாக் கலங்கி வந்தா, தெளிஞ்சிருக்குன்னு சொல்லணும்க்கா. அப்பத்தான் அது கதவ அப்படியே விடும். மறந்துபோயி சந்தோசத்துல கலங்குதுன்னு சொல்லிட்டீங்கன்னா மூடிடும்."

"என்னைக்கு வரைக்கும்?"

தையல்நாயகி குனிந்து அமலியின் கன்னத்தைத் தொட்டாள்.

"விடு புள்ள," என்றார் இன்னாசி மனைவியிடம். "நல்லாருக்கத நல்லாருக்குன்னு சொல்ற பழக்கம் நமக்கு என்னைக்கு இருந்துச்சு? கறிக்கு ஆகும் மாதிரி இதுவும் ஒண்ணு."

"ஒண்ணு," என்றது அமலி.

அவள் மறுபடி நரியங்குடாவுக்கு வர ஏழெட்டு ஆண்டுகள் ஆகிவிட்டன. வேறு வேலையாக இராமநாதபுரம் வந்தவள் ஒரு பகல் பொழுதை ஒதுக்கிக்கொண்டு பஸ் ஏறினாள். வழியில் ஓர் ஊரில் தண்ணீர் லாரி நின்றது. பச்சையும் மஞ்சளுமாகக் குடங்கள் வரிசையில் இருந்தன. பஸ் அந்த இடத்தைத் தாண்டும் வரை அவள் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் வல்லங்கள் கூடியிருந்தன. நண்டு வலை காய்ந்தது, மீன்வாடை அடித்தது, காக்கைகள் கத்தின. தண்ணீர் நல்ல டீ நிறத்தில் சுழன்று வந்துகொண்டிருந்தது. முழங்கால் அளவில் ஒரு சிறுமி கூடையைக் கழுவிக்கொண்டிருந்தாள். மூக்கும் கண்ணும் கித்தேரியை உரித்து வைத்திருந்தன.

"நீ அமலிதானே?"

சிறுமி தலையாட்டினாள். ஊருக்குப் புதிதாக வந்தவளிடம் பெருமையடிக்கும் ஆசை அவள் முகத்தில் தெரிந்தது. கடலைக் கை நீட்டிக் காட்டினாள்.

"இன்னைக்கு எம்புட்டுத் தெளிவா இருக்கு பாத்தீகளா!"

தையல்நாயகி சிரித்தாள். பிறகு, யாரிடம் சொல்கிறாள் என்று பார்த்தாள். சிறுமியின் கையில் போன் இல்லை, பக்கத்திலும் இல்லை.

"எங்கடா தெளிவு? தரை தெரியுதா உனக்கு?"

அமலி அவளை விநோதமாகப் பார்த்தாள். "தரை தெரிஞ்சா அதத்தான கலங்கல்னு சொல்லுவாக? இதுகூடத் தெரியாதா உங்களுக்கு?"

தையல்நாயகி தண்ணீரையும் சிறுமியையும் மாறி மாறிப் பார்த்தாள். இந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் மனம் தெளிந்தது என்று படிக்கும்போது எதை நினைக்கும்? கண் கலங்கியது என்றால் என்ன என்று புரிந்துகொள்ளும்? அழுகையாக வந்தது அவளுக்கு. வல்லத்துக்குப் பின்னாலிருந்து கித்தேரி நண்டுக் கூடையோடு வந்தாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள்.

"திருத்தலையாக்கா?" என்றாள் தையல்நாயகி தாழ்ந்த குரலில். "வீட்லயாவது சரியா சொல்லிக் குடுக்கலாமே."

கித்தேரி மகளைப் பார்த்தாள். மகள் கூடையைக் கழுவிக்கொண்டே ஏதோ முணுமுணுத்துக்கொண்டிருந்தாள்.

"விடு தங்கச்சி," என்றாள். "காலையில போன் வந்தா அவதான் எடுத்துப் பேசுறா. எங்க வீட்ல பொய் சொல்லாம அதுல பேசுறது அவ ஒருத்திதான்."